டெக்சாஸ் வாக்குச்சீட்டில் எந்த அரசியலமைப்புத் திருத்தம் வரும்? முன்கூட்டியே கணிக்கும் முறை

டெக்சாஸ் மாநிலத்தின் இன்றைய அரசியலமைப்பு 1876-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதில் இதுவரை 500-க்கும் மேற்பட்ட திருத்தங்கள் சேர்ந்துள்ளன. கலிபோர்னியாவில் குடிமக்களே கையெழுத்துத் திரட்டி ஒரு திருத்தத்தை வாக்கெடுப்புக்குக் கொண்டுவர முடியும். டெக்சாசில் அந்த வழி கிடையாது. மக்கள் முன் எதை வைப்பது என்பதைச் சட்டமன்றமே தீர்மானிக்கிறது. ஆகவே நவம்பர் வாக்குச்சீட்டைப் புரிந்துகொள்ள விரும்புபவர், சட்டமன்றம் தலைநகர் ஆஸ்டினில் கூடுகிற ஒற்றைப்படை ஆண்டின் ஜனவரியிலேயே தம் வேலையைத் தொடங்கிவிட வேண்டும். வழக்கமான கூட்டத்தொடர் 140 நாள்களுக்கு மேல் நீடிக்காது.

திருத்தங்கள் சட்டமன்றத்தில் கூட்டுத் தீர்மானம் என்ற வடிவில் முன்மொழியப்படுவதால், முதலில் அதன் இணையதளத்தில் அவற்றை மட்டும் பிரித்தெடுத்துக்கொள்ளுங்கள். பிரதிநிதிகள் அவையில் தொடங்குபவை எச்.ஜே.ஆர். என்றும், செனட்டில் தொடங்குபவை எஸ்.ஜே.ஆர். என்றும் எண்ணிடப்பட்டிருக்கும். கூட்டாட்சி அரசியலமைப்பு தொடர்பான கோரிக்கைகளும் இதே வடிவில் வருவதுண்டு என்பதால், தலைப்பைப் படித்து அவற்றை ஒதுக்கிவிடலாம். தாக்கலாகும் தீர்மானங்களில் பெரும்பாலானவை குழுவிலேயே உயிரிழக்கும். எனவே எல்லாவற்றையும் படிப்பது வீண்.

எஞ்சியவை ஒவ்வொன்றிடமும், இதைச் சாதாரணச் சட்டத்தால் ஏன் செய்ய முடியாது என்ற கேள்வியைக் கேளுங்கள். விடை பெரும்பாலும் நான்கு வகைக்குள் அடங்கும். முதலாவது, அரசியலமைப்பே விதித்திருக்கும் தடை. சொத்துவரி அனைவருக்கும் சமமாகவும் ஒரே சீராகவும் இருக்க வேண்டும் என்று எட்டாம் பிரிவு கூறுவதால், குடியிருக்கும் வீட்டுக்கான வரிவிலக்கை உயர்த்துவதற்குக்கூட மக்களிடம் போக வேண்டியிருக்கிறது. பள்ளி மாவட்ட வரியில் இந்த விலக்கு 2023-இல் 40,000 டாலரிலிருந்து 1,00,000 டாலராகவும், 2025-இல் 1,40,000 டாலராகவும் உயர்ந்தது இப்படித்தான். இரண்டாவது வகை பணம் பற்றியது, பலர் கவனிக்கத் தவறுவதும் இதையே. மாநிலச் செலவின் வளர்ச்சிக்கு 1978-இல் ஒரு வரம்பு விதிக்கப்பட்டது. அரசியலமைப்பின் வழியாகவே ஒரு தனி நிதியத்தை உருவாக்கி ஒதுக்கினால், அந்தப் பணத்தை வரம்புக்கு வெளியே வைக்க முடியும். நீர்வளம், அகண்ட அலைவரிசை இணையம், மாநிலப் பூங்காக்கள் என 2023-இல் அடுத்தடுத்து நிதியங்கள் வாக்கெடுப்புக்கு வந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மூன்றாவது வகை, வருங்காலச் சட்டமன்றங்களின் கையைக் கட்டிவிடும் திருத்தங்கள். தனிநபர் வருமான வரி டெக்சாசில் நடைமுறையில் இல்லை. ஆயினும் 2019-இல் அதற்கு அரசியலமைப்புத் தடை விதிக்கப்பட்டது, 2025-இல் மூலதன ஆதாய வரிக்கும் (சொத்து, பங்கு போன்றவற்றை விற்றுக் கிடைக்கும் லாபத்தின் மீதான வரி) அதே தடை வந்தது. இல்லாத வரியைத் தடுப்பதால் இன்று எதுவும் மாறப்போவதில்லை என்றாலும், தேர்தலில் சொல்லிக்கொள்ள அது உதவுகிறது என்பது என் கருத்து. நான்காவது வகை, உள்ளூர் விவகாரங்கள். கால்வெஸ்டன் கவுன்டியின் பொருளாளர் பதவியை ஒழிக்கலாமா என்று 2023-இல் மாநிலம் முழுவதும் வாக்களிக்க நேர்ந்தது. அங்கிருந்து பல நூறு மைல் தொலைவில் இருக்கும் எல் பாசோவின் வாக்காளர்கள்கூட.

அடுத்தது எண்ணிக்கை. ஒவ்வோர் அவையிலும் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரிக்க வேண்டும். அதாவது 150 பேர் கொண்ட பிரதிநிதிகள் அவையில் 100 வாக்குகள், 31 பேர் கொண்ட செனட்டில் 21 வாக்குகள். கணக்கு வருகை தந்தோரை வைத்து அல்ல என்பதால், அவைக்கு வராதவரும் வாக்களிக்காதவரும் எதிர்த்தவருக்குச் சமம். 2025-இல் குடியரசுக் கட்சிக்கு 88 பிரதிநிதிகளும் 20 செனட்டர்களும் இருந்தனர். எனவே மறுகட்சியிலிருந்து குறைந்தது 12 பிரதிநிதிகளையும் ஒரு செனட்டரையும் இழுக்காமல் எந்தத் திருத்தமும் நகர்ந்திருக்க முடியாது. பிணை மறுப்பு தொடர்பான திருத்தம் 2021-இலும் 2023-இலும் பிரதிநிதிகள் அவையைத் தாண்டவில்லை. 2025-இல் பேச்சுவார்த்தையின் மூலம் வாசகம் செம்மைப்படுத்தப்பட்ட பிறகே அது கடந்தது. அதே ஆண்டில், சட்டவிரோதக் குடியேறிகளுக்குப் பிணை மறுக்கும் வேறொரு தீர்மானம் 100-ஐ எட்டாமல் நின்றது. மாநில வாக்குச்சீட்டில் கடும் சர்ச்சைக்குரியவை குறைவாகவும் வரிவிலக்குகள் மிகுதியாகவும் இருப்பதன் காரணம் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

எண்ணிக்கை மட்டும் போதாது. தீர்மானத்தை எந்தக் குழுவுக்கு அனுப்புவது என்பதைப் பிரதிநிதிகள் அவையில் சபாநாயகரும், செனட்டில் அதற்குத் தலைமை வகிக்கும் துணை ஆளுநரும் முடிவு செய்கின்றனர். பிரதிநிதிகள் அவையில் நிகழ்ச்சிநிரல் குழு நாள் குறிக்காவிட்டால் விவாதமே நடக்காது. 2023-ஆம் ஆண்டின் சூதாட்டத் தீர்மானங்கள் இதற்கு நல்ல பாடம். சூதாட்ட விடுதிகளை அனுமதிக்கும் தீர்மானம் முதற்கட்ட வாக்கெடுப்பில் பெரும்பான்மை பெற்றும் 100 கிடைக்காமல் கைவிடப்பட்டது. விளையாட்டுப் பந்தயத்துக்கான தீர்மானம் 101 வாக்குகளுடன் தப்பிப் பிழைத்து செனட்டுக்குச் சென்றது. துணை ஆளுநர் டான் பேட்ரிக் அதை எடுத்துக்கொள்ளவில்லை. ஆகவே அவைத் தலைவர்களின் பொதுப் பேச்சுகளைத் தீர்மானத்தின் வாசகத்துக்கு நிகரான கவனத்துடன் படியுங்கள். கூட்டத்தொடர் முடிந்தபின் ஆளுநர் 30 நாள் சிறப்புக் கூட்டத்தை அழைத்துப் பொருளையும் குறிக்கலாம். 2023-இன் சொத்துவரித் திருத்தம் அத்தகைய கூட்டத்தில் நிறைவேறியதுதான்.

திருத்தத்துடன் பிறக்கும் துணைச் சட்டத்தையும் தேடிப் பாருங்கள். விலக்கு யாருக்கு, நிதியை யார் நிர்வகிப்பார் என்ற விவரங்கள் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். வாக்காளர் ஏற்றால் மட்டுமே அது நடைமுறைக்கு வரும்.

வாக்குச்சீட்டில் அச்சாகும் சொற்களையும் தேர்தல் நாளையும் தீர்மானமே குறிப்பிடுகிறது. இவற்றைக் கடைசிப் பக்கத்தில் காணலாம், அங்கிருந்தே படிக்கத் தொடங்குவது நல்லது. மருத்துவ அலட்சிய வழக்குகளில் இழப்பீட்டுக்கு வரம்பு விதிக்க வழிவகுத்த 2003-ஆம் ஆண்டின் திருத்தத்துக்கு, வழக்கமான நவம்பரை விடுத்துச் செப்டம்பர் 13 குறிக்கப்பட்டது. ஹூஸ்டன் மேயர் தேர்தல் நவம்பரில் வாக்குப்பதிவை உயர்த்தும் என்பதால்தான் இப்படிச் செய்யப்பட்டது என்று எதிர்த்தவர்கள் அப்போதே கூறினர். திருத்தம் ஏறக்குறைய 51 சதவீத ஆதரவுடன் தப்பியது.

இரு அவைகளும் நிறைவேற்றிய தீர்மானத்தை ஆளுநர் நிராகரிக்க முடியாது. அது மாநிலச் செயலரிடம் செல்லும்; வாக்குச்சீட்டில் வரிசை குலுக்கலால் முடிவாகும் என்பதால், முதல் எண் பெற்றதற்கு எந்த முக்கியத்துவமும் இல்லை. சட்டமன்றக் கவுன்சில் தேர்தலுக்கு முன் ஆதரவு, எதிர்ப்பு வாதங்களை விளக்கும் பகுப்பாய்வை வெளியிடுகிறது. பெரும்பாலானவை எளிதில் வென்றாலும், நீதிபதிகளின் ஓய்வு வயதை 75-இலிருந்து 79 ஆக்க முயன்ற 2023-இன் 13-ஆம் முன்மொழிவை மக்கள் நிராகரித்தனர். அந்த ஆண்டின் 14 முன்மொழிவுகளில் தோற்றது அது ஒன்றே.