நண்பரோடு வெளிநாட்டுப் பயணம்: விமானத்தில் குழப்பம் வந்தால் என்ன செய்வது?

இரண்டு பேர் சேர்ந்து போகும் வெளிநாட்டுப் பயணத்தில் விமானம் தாமதமாவதைக்கூடச் சமாளித்துவிடலாம். இருவரும் பிரிந்துபோவதுதான் பெரிய தலைவலி. ஒருவருக்கு இன்று இரவே இருக்கை கிடைக்கும், இன்னொருவருக்கு நாளை மறுநாள் என்பார்கள். பணமும் ஹோட்டல் முகவரியும் ஒருவர் கையில் இருக்கும், பெட்டி மற்றவர் பெயரில் இருக்கும். இதில் பெரும்பகுதியை டிக்கெட் போடும்போதே தடுத்துவிடலாம். முதல்முறை கிளம்புகிறவர்களுக்காகப் படிப்படியாகச் சொல்கிறேன். சென்னையிலிருந்து பாங்காக் போகும் இரண்டு நண்பர்களை உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

படி 1: ஒரே பிஎன்ஆரில் டிக்கெட் போடுங்கள்

பிஎன்ஆர் என்பது உங்கள் முன்பதிவின் ஆறு எழுத்து அடையாளம். இரண்டு பேருக்கும் ஒரே பிஎன்ஆர் இருந்தால்தான் நீங்கள் சேர்ந்து போகிறீர்கள் என்பது விமான நிறுவனத்தின் கணினிக்குத் தெரியும். தனித்தனியாகப் போட்டால், பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தாலும் அதன் கணக்கில் நீங்கள் முன்பின் தெரியாத இரண்டு பயணிகள்தான். விமானம் ரத்தானால் கணினி தானாகவே மாற்று விமானம் போடும். அப்போது உங்களை ஒரு விமானத்திலும் நண்பரை வேறு விமானத்திலும் போட்டால் அதைக் குற்றம் சொல்ல முடியாது.

சில சமயம் தனித்தனியாகத் தேடினால் ஒரு டிக்கெட் மலிவாகக் காட்டும். குறைந்த கட்டணத்தில் ஒரே ஓர் இருக்கை மிச்சமிருந்தால், இருவருக்குச் சேர்த்துத் தேடும்போது இரண்டுமே அடுத்த கட்டணத்துக்குப் போய்விடும், அதுதான் காரணம். சில நூறு ரூபாய் வித்தியாசம் என்றால் கூடக் கொடுத்து ஒன்றாகவே போடுங்கள் என்பேன்.

ஒருவருக்கு அலுவலகம் டிக்கெட் எடுத்துத் தருவது போன்ற காரணங்களால் ஒன்றாகப் போட முடியவில்லையா? விமான நிறுவனத்துக்கு ஃபோன் செய்து, “இந்த இரண்டு பிஎன்ஆரில் இருப்பவர்களும் சேர்ந்து பயணிக்கிறோம், குறிப்பு எழுதி இணைத்துவிடுங்கள்” என்று கேளுங்கள். பெரும்பாலும் செய்து தருவார்கள்.

இன்னொன்று, ஏஜென்ட் மூலமாகவோ பயணத் தளம் மூலமாகவோ வாங்கினால் முன்பதிவில் அவர்களுடைய எண்ணும் மின்னஞ்சலும்தான் இருக்கக்கூடும். நேரம் மாறிய தகவல் அவர்களுக்குப் போகும், உங்களுக்கு வராது. அதனால் விமான நிறுவனத்தின் செயலியில் பிஎன்ஆரைப் போட்டுத் திறந்து, இருவரின் ஃபோன் எண்ணையும் மின்னஞ்சலையும் சேர்த்துவிடுங்கள்.

படி 2: பெயரைச் சரிபாருங்கள்

நம்மூர்க்காரர்களுக்கு இது தனிப் பிரச்சினை. நண்பருக்கும் சேர்த்து டிக்கெட் போடுகிறவர் ‘எஸ். கவிதா’ என்று பழக்கத்தில் அடித்துவிடுவார். பாஸ்போர்ட்டில் பெயர் ‘கவிதா’ என்றும் குடும்பப் பெயர்க் கட்டத்தில் அப்பா பெயர் ‘செல்வராஜ்’ என்றும் முழுசாக இருக்கும். இனிஷியலை நம்பி எதையும் நிரப்பாதீர்கள். நண்பரிடம் பாஸ்போர்ட்டின் படத்தை வாங்கி, எழுத்துக்கு எழுத்து பார்த்து அடியுங்கள். குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், அந்த இடத்தில் என்ன போட வேண்டும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சிலர் பெயரையே இரண்டு முறை போடச் சொல்வார்கள். அவர்கள் தளத்தில் சொல்லியிருப்பதை அப்படியே செய்யுங்கள். தப்பு இருந்தால் டிக்கெட் கிடைத்த அன்றே கேட்டு மாற்றுங்கள். நாள் போகப் போகச் செலவு கூடும்.

படி 3: தேதியையும் விமான நிலையத்தையும் இருவரும் தனித்தனியாகப் படியுங்கள்

தென்கிழக்கு ஆசியாவுக்கும் வளைகுடாவுக்கும் சென்னையிலிருந்து கிளம்பும் விமானங்களில் பல நள்ளிரவை ஒட்டித்தான் இருக்கும். டிக்கெட்டில் ‘14 ஜூன், 00:25’ என்று இருந்தால் நீங்கள் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியது 13-ஆம் தேதி இரவு. 14-ஆம் தேதி இரவு போனால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். ஆகவே நண்பருக்கு அனுப்பும் செய்தியில் “14-ஆம் தேதி ஃபிளைட்” என்று எழுதாமல், “13, வெள்ளிக்கிழமை இரவு 9 மணிக்கு ஏர்போர்ட்டில்” என்பது போலக் கிழமையோடு எழுதுங்கள். ஹோட்டல் அறையையும் அதே கணக்கில் போடுங்கள். டிக்கெட்டில் உள்ள எல்லா நேரமும் அந்தந்த ஊர் நேரம். பாங்காக் நேரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடும்.

அடுத்து விமான நிலையம். பாங்காக்கில் இரண்டு இருக்கின்றன. சுவர்ணபூமியின் குறியீடு பிகேகே, டான் மியாங்கின் குறியீடு டிஎம்கே. குறைந்த கட்டண விமானங்கள் பல டான் மியாங்கிலிருந்து போகும். நகரத்தின் கிழக்கே ஒன்று, வடக்கே ஒன்று. சாலை நெரிசலில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக ஒன்றரை மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். இஸ்தான்புல்லில் ஒன்று ஐரோப்பியக் கரையில், இன்னொன்றான சபிஹா கோக்சென் ஆசியக் கரையில். டோக்கியோவில் நரிதா, ஹனெடா. ஊர் பெயரைப் பார்த்து டாக்ஸி ஏறக்கூடாது, மூன்று எழுத்துக் குறியீட்டைப் பார்த்துத்தான் ஏற வேண்டும்.

இடையில் விமானம் மாறுவதாக இருந்தால் இரண்டு பயணமும் ஒரே டிக்கெட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். தனித்தனி டிக்கெட் என்றால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் பொறுப்பு முழுக்க உங்களுடையது. கோலாலம்பூரில் அப்படி மாறுகிறவர்கள் குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டியை எடுத்து, தேவைப்பட்டால் ரயிலில் அடுத்த டெர்மினலுக்குப் போய், மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். இரண்டு மணி நேர இடைவெளியெல்லாம் போதாது. ஐந்து மணி நேரம் வையுங்கள்.

படி 4: பிரிந்தாலும் தனியாக நிற்கும்படி கிளம்புங்கள்

பாஸ்போர்ட்டுகளை ஒருவர் பையில் ஒன்றாக வைத்துக்கொள்ளும் பழக்கம் வேண்டாம். அவரவரிடம் பாஸ்போர்ட், ஒரு கார்டு, கொஞ்சம் அந்நாட்டுப் பணம், ஹோட்டல் முகவரியின் காகிதப் பிரதி, காப்பீட்டு எண், ஒரு நாள் மருந்து, ஒரு மாற்றுடை இருக்கட்டும். எடையைச் சமாளிக்க இரண்டு பேர் துணியையும் ஒரே பெட்டியில் அடைத்து ஒருவர் பெயரில் போடுவதையும் தவிர்க்கச் சொல்வேன். அந்த ஒருவருக்கு விமானம் மாறினால் பெட்டியும் அவரோடு மாறிவிடும்.

கார்டு விஷயத்தில் ஒரு நிமிடம் செலவழியுங்கள். 2020 முதல் இந்தியக் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நாமேதான் வங்கிச் செயலியில் இயக்க வேண்டும். ஓடிபி வர உங்கள் சிம்மில் ரோமிங் இயங்க வேண்டும். நடுராத்திரியில் வேறு நாட்டில் புது டிக்கெட் வாங்க வேண்டிய நேரத்தில் இவை இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் பணம் இருந்தும் பயனில்லை. இருவரின் ஃபோனிலும் செய்து பாருங்கள்.

கிளம்பும் முன் பேசி முடிக்க வேண்டியது இன்னும் ஒன்று உண்டு: ஓர் இருக்கைதான் இருக்கிறது என்றால் யார் போவது, கூடுதல் செலவை எப்படிப் பங்கிடுவது? இதைக் கவுன்டரில் நின்று முடிவு செய்யப்போனால் நட்பில் கீறல் விழும். வீட்டில் காபி குடித்தபடி பேசினால் ஐந்து நிமிட வேலை.

படி 5: குழப்பம் வந்துவிட்டது, இப்போது என்ன?

முதலில் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் கவுன்டர் வரிசையில் நிற்க, மற்றவர் செயலியில் மாற்று விமானம் தேடிக்கொண்டே வாடிக்கையாளர் சேவைக்கு ஃபோன் போடட்டும். எது முதலில் கிடைக்கிறதோ அதை எடுங்கள்.

“பணம் திரும்பப் பெறு” என்ற பொத்தானை அவசரத்தில் அழுத்தாதீர்கள். அழுத்திவிட்டால் உங்களைக் கொண்டு சேர்க்கும் பொறுப்பு பெரும்பாலும் அவர்களிடமிருந்து விலகிவிடும், அன்றைய விலையில் நீங்களே புது டிக்கெட் வாங்க வேண்டியிருக்கும். போகும் பயணத்தை விட்டுவிட்டுத் திரும்பும் டிக்கெட்டை மட்டும் பயன்படுத்தலாம் என்றும் நினைக்காதீர்கள். முதல் விமானத்தில் ஏறாவிட்டால் அதே டிக்கெட்டில் உள்ள மீதிப் பயணம் பொதுவாக ரத்தாகும்.

கவுன்டரில் பேசத் தொடங்கும்போதே “இரண்டு பேர்” என்று சொல்லுங்கள். கோலாலம்பூரில் ஒருமுறை இணைப்பு விமானம் தவறி, என் தோழியும் நானும் டிரான்ஸ்ஃபர் கவுன்டரில் நின்றோம். அவளுக்கு அலுவலக டிக்கெட் என்பதால் தனித்தனி பிஎன்ஆர். கவுன்டரில் இருந்த பெண் திரையிலிருந்து கண் எடுக்காமல், “காலை ஏழு மணிக்கு ஓர் இருக்கை இருக்கிறது, போட்டுவிடட்டுமா?” என்றார். தோழி தலையாட்டப் போனாள். நான் என் போர்டிங் பாஸையும் அவளுடையதையும் சேர்த்து மேஜையில் வைத்து, “நாங்கள் இருவர், இரண்டு இருக்கை உள்ள விமானம் எது?” என்றேன். அவர் இன்னொரு பெயரை அடித்துத் தேடினார். மதியம் ஒரு விமானத்தில் இரண்டு இடம் இருந்தது. ஐந்து மணி நேரம் கூடுதல் காத்திருப்புதான், ஆனால் சேர்ந்து போனோம்.

புது விமானம் உறுதியானதும் மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள்: இருவரின் பெயரும் உள்ள புதிய டிக்கெட், தாமதத்துக்கோ ரத்துக்கோ எழுத்துப்பூர்வமான காரணம், சாப்பாட்டுக் கூப்பன். தாய்லாந்துக்குள் நுழைய 2025 மே முதல் இணைய வருகை அட்டை, அதாவது பயண விவரங்களை முன்கூட்டியே இணையத்தில் நிரப்பும் படிவம், கட்டாயம். விமானமும் தேதியும் மாறினால் அதிலும் மாற்ற வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

ஒருவர் மட்டும் போகத்தான் வேண்டும் என்றால், சந்திக்கும் இடம் விமான நிலையமாக இருக்கக்கூடாது, ஹோட்டலாக இருக்கட்டும். ஹோட்டல் பதிவு யார் பெயரில் இருக்கிறதோ அவர் முதலில் போவது நல்லது. இல்லாவிட்டால் ஹோட்டலுக்கு மெயில் அனுப்பி, முதலில் வருகிறவர் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

படி 6: பெட்டி வரவில்லை என்றால்

பெட்டிகள் வரும் கூடத்தைவிட்டு வெளியேறும் முன்பே அங்குள்ள கவுன்டரில் புகார் எழுதி, அதன் எண்ணை வாங்குங்கள். இந்தப் புகாரை பிஐஆர் என்பார்கள். பெட்டி ஒட்டுச்சீட்டின் சிறு துண்டு அதற்குத் தேவைப்படும், எனவே போர்டிங் பாஸில் ஒட்டிக் கொடுத்ததைக் கிழித்துப் போடாதீர்கள். பன்னாட்டு விமானப் பயணத்துக்கான மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி சேதமான பெட்டிக்கு 7 நாளுக்குள்ளும், தாமதமாக வந்த பெட்டிக்குக் கையில் கிடைத்த 21 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். வராமலே 21 நாள் ஆனால் தொலைந்ததாகக் கருதி இழப்பீடு கேட்கலாம். இடையில் வாங்கிய பற்பசை, துணி ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

படி 7: உங்களுக்கு வர வேண்டியதைக் கேளுங்கள்

இந்தியாவில் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதிப்படி, சென்னை–பாங்காக் போல இரண்டரை முதல் ஐந்து மணி நேரம் வரையிலான பயணம் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் சாப்பாடு தர வேண்டும். இரவு 8 முதல் அதிகாலை 3-க்குள் கிளம்ப வேண்டிய விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் தங்குமிடமும் உண்டு.

ஐரோப்பிய ஒன்றிய நாட்டிலிருந்து கிளம்பும் விமானம் என்றால், அது எந்த நாட்டு நிறுவனமாக இருந்தாலும், பயணிகளுக்கு இழப்பீடு தரச் சொல்லும் அந்த ஒன்றியத்தின் 261/2004 விதி பொருந்தும். போய்ச் சேரும்போது 3 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகி, காரணம் நிறுவனத்தின் கையில் இருந்தால், தூரத்தைப் பொறுத்து 250, 400 அல்லது 600 யூரோ. புயல், வான்வெளி மூடல் போன்றவற்றுக்குக் கிடைக்காது, ஆனால் சாப்பாடும் தங்குமிடமும் அப்போதும் உண்டு. இந்தத் தொகை டிக்கெட்டுக்கு இவ்வளவு என்று கிடையாது, ஆளுக்கு இவ்வளவு. ஒரே பிஎன்ஆரில் பயணித்திருந்தாலும் விண்ணப்பத்தில் இரண்டு பெயரையும் எழுதுங்கள், அவரவர் வங்கிக் கணக்கைக் கொடுங்கள்.