ஜுபிட்டர்ஹப்பை மெய்நிகர் கணினியில் பாதுகாப்பாக நிறுவி வகுப்புக்குத் திறந்துவிடுவது எப்படி?

பைத்தான் வகுப்பின் முதல் சில நாள்கள் ஒவ்வொரு மாணவரின் கணினியிலும் மென்பொருளை நிறுவுவதிலேயே கரைந்துவிடும். இணையம் வழியே இயக்கும் ஒரு மெய்நிகர் கணினியில், பலர் உலாவியிலேயே நிரல் எழுதி ஓட்ட உதவும் மென்பொருளான ஜுபிட்டர்ஹப்பை நிறுவிவிட்டால் மாணவருக்கு உலாவி மட்டும் போதும். ஆனால் உள்ளே நுழைகிற எவரும் அந்தச் சர்வரில் தாம் எழுதிய நிரலை ஓட்டலாம் என்பதால், எல்லாப் பூட்டையும் போட்ட பிறகே முகவரியை வகுப்பில் சொல்ல வேண்டும். கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

படி 1: கணினியைத் தேர்ந்தெடுத்தல்

சுமார் 100 பேர் வரையிலான வகுப்புக்கு 'தி லிட்டிலஸ்ட் ஜுபிட்டர்ஹப்' என்ற எளிய வடிவம் போதும். நீண்டகால ஆதரவுள்ள உபுண்டுவில் இது இயங்கும். ஒரே நேரத்தில் வேலை செய்யும் மாணவர் எண்ணிக்கையை ஒருவருக்கான நினைவக வரம்பால் பெருக்கி, 128 எம்.பி. கூட்டுங்கள். 30 பேருக்குத் தலா 512 எம்.பி. என்றால் 16 ஜி.பி. கணினி போதும்.

படி 2: உங்கள் நுழைவாயிலைப் பூட்டுதல்

தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் முறையான எஸ்.எஸ்.எச். வழியாக நுழையச் சாவிக்கோப்பை மட்டும் பயன்படுத்துங்கள். கடவுச்சொல் நுழைவை அணைத்துவிடுங்கள். அணைக்கும்போது, திறந்திருக்கும் டெர்மினலை (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரம்) மூடாமல் இன்னொரு சாளரத்தில் நுழைந்து பாருங்கள். நுழைய முடியாவிட்டால், பழைய சாளரத்திலிருந்தே திருத்திவிடலாம்.

வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் அரணான ஃபயர்வாலில் 22 (எஸ்.எஸ்.எச்.), 80, 443 (இணையப் பக்கம்) ஆகிய மூன்று போர்ட்டுகள், அதாவது இணைப்பு வாயில்கள், போதும். 22-ஐ அனுமதித்த பிறகே ஃபயர்வாலை இயக்குங்கள். இல்லையென்றால் நீங்களே வெளியில் நிற்க நேரிடும். உங்கள் ஐ.பி. முகவரி மாறாதது என்றால் 22-ஐ அதற்கு மட்டும் திறப்பது இன்னும் நல்லது.

படி 3: நிறுவுதலும் எச்.டி.டி.பி.எஸ். இணைப்பும்

முதலில் ஒரு டொமைன் பெயரை (இணையதளப் பெயர்)க் கணினியின் ஐ.பி. முகவரிக்குத் திருப்பிவிடுங்கள். பிறகு நிறுவல் கட்டளையை ஓட்டுங்கள். அதிலேயே நிர்வாகியின் பெயரோடு வலுவான கடவுச்சொல்லையும் கொடுத்துவிடுங்கள். அடுத்து, உலாவியைத் திறக்காமல் டெர்மினலிலேயே, உலாவிக்கும் சர்வருக்கும் இடையிலான தகவலை மறைகுறியாக்கும் எச்.டி.டி.பி.எஸ்.-ஐ இயக்கி, மின்னஞ்சலையும் டொமைனையும் பதிவுசெய்யுங்கள். இதற்குத் தேவையான லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கும், தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். முகவரிப் பட்டையில் எச்.டி.டி.பி.எஸ். வந்த பிறகே கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்யுங்கள்.

படி 4: மாணவர்களைச் சேர்த்தல்

பலரும் கவனிக்காமல் விடும் இடம் இது. இயல்பு அமைப்பில், நிர்வாகி சேர்த்த பெயரில் முதலில் யார் நுழைகிறாரோ அவர் தரும் கடவுச்சொல்லே அந்தக் கணக்கின் கடவுச்சொல்லாகிவிடும். வருகை எண்ணையே பயனர் பெயராகக் கொடுத்திருந்தால், பக்கத்து இருக்கை மாணவர் ஒருவர் உங்கள் இன்னொரு மாணவரின் கணக்கை முந்திக்கொண்டு எடுத்துக்கொள்ளலாம். அதனால் பெயர்களை வகுப்பு தொடங்கும்போது சேர்த்து, உங்கள் கண் முன்னே எல்லோரையும் நுழையச் சொல்லுங்கள். அன்று வராதவரின் பெயரை அவர் வரும்போது சேர்த்தால் போதும். மாணவர்கள் தாங்களே பதிவுசெய்து, நீங்கள் ஒப்புதல் தரும் முறைக்கும் மாறலாம். பெரிய வகுப்புக்கு நான் அதையே பரிந்துரைப்பேன்.

நிர்வாகி உரிமையை உதவியாளர்களுக்கு அள்ளிக் கொடுக்காதீர்கள். அந்த உரிமை உள்ளவர் சர்வர் முழுவதையும் கடவுச்சொல் இல்லாமலே ஆளலாம். மற்ற மாணவரின் விடைத்தாளையும் திறந்து பார்க்கலாம். சாதாரண மாணவருக்கு அடுத்தவர் கோப்புறை தெரியாது.

படி 5: வரம்பு வைத்தல்

முடிவில்லாத சுழலில் பட்டியலை நிரப்பிக்கொண்டே போகும் ஒரே ஒரு நிரல் மொத்த நினைவகத்தையும் விழுங்கிவிடும். இதைத் தொடக்கநிலை மாணவர் தெரியாமலே செய்துவிடுவார். நினைவக வரம்பு இருந்தால் அவருடைய நிரல் மட்டும் நிற்கும். மற்றவர்களின் வேலை தொடரும். வரம்பை மாற்றியதும் அமைப்பை மறுஏற்றம் செய்ய மறக்காதீர்கள்.

படி 6: காப்பு நகல்

பெரிய புதுப்பிப்புக்கு முன் ஸ்னாப்ஷாட் (கணினியின் அப்போதைய நிலையின் முழு நகல்) எடுங்கள். மாணவர் கோப்புறைகளின் நகல் தினமும் வேறொரு இடத்துக்குப் போக வேண்டும். அதே கணினியில் கிடக்கும் நகலால் பயனில்லை.

பருவம் முடிந்ததும் கோப்புகளைப் பதிவிறக்க மாணவர்களுக்கு அவகாசம் கொடுத்து, பிறகு கணினியை அழித்துவிடுங்கள். டொமைன் பெயரை ஐ.பி. முகவரியோடு இணைக்கும் டி.என்.எஸ். பதிவையும் கூடவே நீக்குங்கள். நீக்காவிட்டால், அந்த ஐ.பி. முகவரி நாளை வேறொருவர் கைக்குப் போகும்போது, பழைய இணைப்பைச் சொடுக்கும் உங்கள் மாணவர் அவருடைய சர்வரில் போய் நிற்பார்.