கேமலினா: 'தாங்கும் பயிர்' என்று நம்பிச் செய்யும் தவறுகள்

வறண்ட, குளிர்ந்த நிலத்தில் எரிபொருளுக்கு எண்ணெய்வித்து என்றாலே கேமலினா பேச்சுதான் முதலில் வரும். கடுகுக் குடும்பத்துச் செடி. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் கோதுமை விவசாயிகள் 2000-களில் இதை ஆர்வமாக விதைத்தார்கள்.

பெரிய தவறு, 'தாங்கும்' என்பதை 'விளையும்' என்று எடுத்துக்கொள்வது. இளஞ்செடி உறைபனியைத் தாங்கும், ஏறக்குறைய மூன்று மாதத்தில் அறுவடைக்கு வரும், எல்லாம் சரி. ஆனால் ஈரம் குறைந்தால் செடி பிழைத்துக் கிடக்கும், விளைச்சல் விழுந்துவிடும். காட்டாமணக்கை நம்பித் தரிசில் நட்ட நம் விவசாயிகளுக்கு இந்த வலி தெரியும். செடி பச்சையாக நின்றது, காய்தான் கட்டுப்படியாகவில்லை.

கோதுமைக்கு முன் ஓராண்டு நிலத்தைச் சும்மா போடுவது மண்ணில் ஈரம் சேர்க்கத்தான். 'சும்மா கிடக்கிற நிலம்தானே' என்று அங்கே கேமலினா போட்டால், அது குடித்த நீர் அடுத்த கோதுமையில் குறையும். இரண்டு பயிரையும் சேர்த்தே வரவு செலவு பார்க்க வேண்டும்.

அப்புறம் களைக்கொல்லி. கோதுமைக்கு அடித்த சல்ஃபோனைல்யூரியா வகை மருந்து, காய்ந்த கார மண்ணில் மெதுவாகத்தான் சிதையும். அந்த எச்சம் கேமலினா நாற்றைக் கருக்கிவிடும். வயல் மண்ணைத் தொட்டியில் போட்டு நாலு விதை முளைக்கவிட்டுப் பாருங்கள். செலவே இல்லாத சோதனை. விதைப்பும் மேலாகவே இருக்கட்டும். ஆயிரம் விதை ஒரு கிராம் அளவுதான் இருக்கும், ஆழத்தில் விழுந்தால் மேலே வராது.

புது ரகம் உருவாக்குவோருக்கு வேறொரு கண்ணி. கேமலினாவில் பெரும்பாலான மரபணுக்கள் மூன்று பிரதிகளாக இருக்கின்றன. ஒன்றை மாற்றினால் மற்ற இரண்டும் அதன் வேலையைச் செய்துவிடும், பலன் கண்ணில் படாது. மூன்றையும் மாற்றிப் பார்க்காமல் ஒரு மரபணுவை உதவாது என்று தள்ளிவிடக் கூடாது.

எண்ணெய் கிடைத்ததும் நேராகப் பயோடீசலாக்குவது இன்னொரு தவறு. ஒமேகா-3 மிகுந்த எண்ணெய், சீக்கிரம் சிக்குப் பிடிக்கும். அயோடின் எண் (எளிதில் கெடும் நிறைவுறாக் கொழுப்பு எண்ணெயில் எவ்வளவு என்று காட்டும் அளவு) சுமார் 150. ஐரோப்பியப் பயோடீசல் தரம் அனுமதிப்பது 120. ஹைட்ரஜன் ஏற்றி விமான எரிபொருளாக்கினால் இந்தக் குறை மறைகிறது. 2010 ஏப்ரல் 22 அன்று அமெரிக்கக் கடற்படையின் எஃப்/ஏ-18 போர்விமானம், இப்படிச் செய்த கேமலினா எரிபொருளைப் பாதிக்குப் பாதி கலந்து பறந்தது. அத்தகைய ஆலை வாங்கிக்கொள்ளும் என்பது உறுதியான பிறகே விதை வாங்குங்கள்.