பழைய பொம்மை கார் வாங்கும்முன் அடிப்பக்கத்தைப் பாருங்கள்

1995-ல் ஈபே என்ற இணைய விற்பனைத் தளம் வந்ததிலிருந்து, ஒரு காலத்தில் சந்தை சந்தையாக அலைந்து தேடிய பொம்மைகள் வீட்டில் உட்கார்ந்தபடியே கிடைக்கின்றன, அதனால் விற்பவர் ‘அரியது’ என்று எழுதிவிட்டார் என்பதற்காக மட்டும் கேட்ட காசைக் கொடுத்துவிடாதீர்கள். விலை என்று யாரும் எதையும் போடலாம். தேடும்போது ‘விற்றுப்போனவை’ என்பதைத் தேர்ந்தெடுத்து, அதே பொம்மை உண்மையில் என்ன விலைக்குப் போனது என்று பாருங்கள்.

அப்புறம் படம், இதுதான் ரொம்ப முக்கியம். ஹாட் வீல்ஸ் மாதிரி உலோகக் கார் என்றால் அடிப்பக்கத்தை நல்ல வெளிச்சத்தில், நெருக்கமாகப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அங்கே பொறித்திருக்கும் ஆண்டு அந்த வடிவத்தின் பதிப்புரிமை ஆண்டு, கார் தயாரான ஆண்டு அல்ல. பல வருடம் கழித்து வந்த காரிலும் அதே ஆண்டுதான் இருக்கும். காரின் மேல்பகுதியையும் அடிப்பகுதியையும் சேர்த்துப் பிடிக்கும் ரிவெட் என்ற உலோக ஆணியையும் கவனியுங்கள். துளையிட்ட தடமோ, அந்த இடத்தில் ஒரு திருகோ தெரிந்தால் பெரும்பாலும் யாரோ பிரித்து வேலை பார்த்திருக்கிறார்கள், பெயின்ட்டும் புதிதாக இருக்கலாம். புதுப்பிப்பது தப்பே இல்லை, அதை மறைத்து அசலின் விலை கேட்பதுதான் தப்பு.

படம் கேட்டால் நழுவுகிறவரை விட்டுவிடுங்கள். வேறொருவரிடம் தேடிப் பாருங்கள்.