பெரிய ஆஸ்பத்திரி கட்டுகிறீர்களா? முதலில் ஒரு கட்டிலை வரையுங்கள்

ஆயிரம் படுக்கை ஆஸ்பத்திரி என்றால் எல்லோரும் முகப்பைத்தான் முதலில் வரைகிறார்கள். சைட் இன்ஜினியராக நான் சொல்வது: கட்டிலில் தொடங்குங்கள். தள்ளுகிற இருவர், டிரிப்ஸ் ஸ்டாண்டைப் பிடித்தபடி கூடவே ஓடும் மச்சான், எதிரே இன்னொரு கட்டில். இடிக்காமல் போக 2.4 மீட்டர் காரிடார் வேண்டும். பூச்சு, டைல்ஸ், கைப்பிடி எல்லாம் ஏறிய பிறகு மிஞ்சுகிற அளவு அது. பிளானில் 2.4 போட்டுவிட்டு, மூலையில் ஒரு தூணையும் நிறுத்தினால் போச்சு.

சென்னை கிண்டியில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் ஆயிரம் படுக்கைகளை மூன்று பிளாக்குகளாகப் பிரித்திருக்கிறார்கள். எனக்கும் அதுவே பிடிக்கும்; நடுவில் வெளிச்சமும் காற்றும் கிடைக்கும்.

அப்புறம் காற்றழுத்தம். ஆபரேஷன் தியேட்டருக்குள் அழுத்தம் கூடுதலாக இருக்க வேண்டும், வெளிக்காற்று உள்ளே நுழையாது. காசநோய் தனியறையில் நேர்மாறாக. கதவிடுக்கில் ஒரு டிஷ்யூ பேப்பரைப் பிடித்தால் எந்தப் பக்கம் பறக்கிறது என்று தெரிந்துவிடும். தியேட்டருக்கு மேல்மாடியில் கழிப்பறை வைக்காதீர்கள். ஒழுகாத கழிப்பறையை நான் இன்னும் பார்க்கவில்லை.

எம்.ஆர்.ஐ. காந்தம் பல டன் எடை. அது வரும் வழி முழுக்க அந்த எடையைத் தாங்கும்படி தளம் போட்டு, அது உள்ளே வரும்வரை ஒரு சுவரைக் கட்டாமல் விட்டு வையுங்கள்.

சரி, துணைக்கு வருகிறவர்கள் எங்கே படுப்பார்கள்? அதற்கும் பிளானில் ஒரு கூடம் போடுங்கள். இல்லாவிட்டால் அந்த 2.4 மீட்டரில்தான் பாய் விரிப்பார்கள்.