நீலக்கல்லின் நிறத்தை வாங்கும் முன் நாமே பார்ப்பது எப்படி?

இலங்கையின் இரத்தினபுரித் தெருச் சந்தையில் இரண்டு கரட்டுக்குச் சற்றுக் குறைந்த ஒரு நீலம் வாங்கினேன். அங்கே ஆழ்ந்த நீலமாக இருந்த கல், வீட்டு முற்றத்தில் சற்றுச் சரித்துப் பிடித்ததும் ஓரமெல்லாம் வெளிறிப்போனது. அதன்பின் எந்தக் கல்லையும் இந்த வரிசையில்தான் பார்க்கிறேன்.

1. வெளிச்சம். காலை வேளையில் நிழலில், சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, மினுக்கம் இல்லாத வெள்ளைத்தாளில் கல்லை வையுங்கள். பிறகு மஞ்சள் பல்பின் கீழும் பாருங்கள். சில கற்கள் அங்கே சாம்பல் பூத்துவிடும். அப்படிப்பட்டதை நான் வாங்கமாட்டேன். மோதிரம் கல்யாண வீட்டு விளக்கிலும் அழகாக இருக்க வேண்டும்.

2. நிறம். பச்சை கலந்திருக்கிறதா, ஊதாவா? நீலம் துடிப்பாக இருக்கிறதா, சாம்பல் தட்டுகிறதா? வெளிறலா, கறுப்பா? இலங்கைக் கற்களின் பெருமை அந்தப் பிரகாசம்தான். நீலம் வருவது இரும்பும் டைட்டானியமும் சேர்வதால். இரும்பு மிகுந்த ஆஸ்திரேலியக் கற்கள் பல கறுத்துத் தெரியும். கறுத்த கல்லை “ஆழமான நிறம்” என்று சொன்னால் நம்பாதீர்கள்.

3. தண்ணீர். நான் தவறவிட்டது இதைத்தான். பேருவளையில் பட்டை தீட்டும் ஒரு நானாவிடம் என் கல்லைக் காட்டினேன். “தம்பி, தண்ணிக்குள்ள கவுத்துப் போட்டுப் பாருங்க” என்றார். வெள்ளைக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, முகப்பு, அதாவது தட்டையான மேல்பக்கம், கீழே இருக்கும்படி போட்டேன். கல் முழுவதும் கண்ணாடிபோல் நிறமில்லாமல் தெளிந்திருந்தது. கூரான அடிமுனையில் மட்டும் ஒரு சொட்டு நீலம்!

நிறம் படிகத்தில் சமமாகப் பரவியிருப்பதில்லை. நிறமுள்ள பகுதியை அடிமுனையில் நிறுத்திப் பட்டை தீட்டினால், உள்ளே புகும் ஒளி அதைக் கடந்து திரும்பி முகப்பு முழுவதையும் நீலமாக்கும். அது ஏமாற்று அல்ல, கைத்திறன். ஆனால் முழுக்க நிறம் பாய்ந்த கல்லின் விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது. தண்ணீர் முகப்பட்டைகளின் பளபளப்பைக் குறைப்பதால் உள்ளிருப்பது தெரிகிறது.

4. எழுத்து. அச்சிட்ட தாளின் மேல் வையுங்கள். நடுவில் எழுத்து தெரிந்தால் ஒளி கீழே ஒழுகுகிறது. அந்த இடம் எப்போதும் வெளிறியே இருக்கும்.

கருவிகளில் ஒரு சாமணமும் வெள்ளைக் கிண்ணமும் போதும். பத்து மடங்கு லென்ஸ் உள்ளே உள்ள கீறலையும் புள்ளியையும் பார்க்கத்தான், நிறத்துக்கு அல்ல. போன் டோர்ச்சைத் தொடவே வேண்டாம். எந்த நீலமும் அதில் ஜொலிக்கும்.

பின்சேர்க்கை: மோதிரத்தில் பதித்த கல்லைப் பற்றிச் சிலர் கேட்டிருந்தார்கள். ராசிக்கல் மோதிரம்போல அடிப்பக்கம் திறந்திருந்தால் மோதிரத்தோடே தண்ணீரில் போட்டுப் பார்க்கலாம். அடி மூடியிருந்தால் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்; உள்ளே நிறத்தாள் இருந்தாலும் வெளியே தெரியாது. சூடேற்றிய கல்லா என்பதும் இந்தச் சோதனையில் தெரியாது. பால்போல் மங்கிய கெவுடா கற்களைச் சூளையில் சுட்டு நீலமாக்குவது இங்கே வழக்கம். அதற்கு ஆய்வுக்கூடச் சான்றிதழைக் கேளுங்கள்.