சென்னை டு லண்டன் எவ்ளோ தூரம், எவ்ளோ நேரம்: நாமளே கணக்கு போடலாம்

போன டிசம்பர்ல அம்மா முதல் தடவையா லண்டன்ல இருக்க தங்கச்சி வீட்டுக்கு கிளம்பினாங்க. டிக்கெட்ல சென்னை காலைல 5:30, லண்டன் 11:15னு இருந்துச்சு. அத பாத்துட்டு ஆறு மணி நேரம்கூட இல்லையே, மாத்திரைய பெரிய பெட்டிலயே போட்டுடுன்னுட்டாங்க. அவங்களுக்கு சுகர் வேற. உக்காந்து கணக்கு போட்டு காட்டினேன். வயசானவங்கள தனியா அனுப்புறவங்க எல்லாரும் இத தெரிஞ்சு வச்சிக்கணும்.

முதல்ல டிக்கெட்ட பாருங்க. அதுல இருக்கறது அந்தந்த ஊர் டைம். குளிர்காலத்துல லண்டன் நம்மள விட அஞ்சரை மணி நேரம் பின்னாடி, அப்போ அங்க 11:15னா இங்க சாயங்காலம் 4:45, ஆக மொத்தம் பதினொன்னேகால் மணி நேரம். மார்ச் கடைசி ஞாயிறுலேர்ந்து அக்டோபர் கடைசி ஞாயிறு வரைக்கும் அவங்க கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வைப்பாங்க, அப்போ நாலரை மணி நேரம்தான் கூட்டணும்.

அடுத்து தூரம். பேப்பர் மேப்ல ஸ்கேல் வச்சு அளக்காதீங்க, உருண்டையான பூமிய தட்டையாக்கினா எல்லாம் இழுத்துக்கும். பசங்களோட குளோப்ப எடுத்து சென்னைல ஒரு நூல விரலால அழுத்தி, லண்டன் வரைக்கும் தொய்வில்லாம இழுங்க. மேப்ல போட்ட கோடு பாரசீக வளைகுடா பக்கமா போகும், நூலு பாத்தா வடக்கால வளைஞ்சு காஸ்பியன் கடல் மேல போகும், ஆனா அதுதான் குறுக்கு வழி. இப்போ அதே நீளத்த பூமத்திய ரேகை மேல வச்சு எத்தன டிகிரி வருதுன்னு எண்ணுங்க. கிட்டத்தட்ட 74 வரும். ஒரு டிகிரி 111 கிலோமீட்டர், பெருக்கினா சுமார் 8,200.

பெரிய பிளைட் மணிக்கு 900 கிலோமீட்டர் போகும்னு வச்சுக்கிட்டா ஒம்பது மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல. ரன்வேக்கு ஊர்ந்து போறது, ஏறுறது, இறங்குறதுக்குன்னு ஒரு அரை மணியாச்சும் சேருங்க. அப்பவும் பத்துகூட வரலையேன்னா, அதுக்கு காரணம் காத்து. அந்த உயரத்துல மேற்குலேர்ந்து கிழக்கா ஜெட் ஸ்ட்ரீம் அடிக்கும், குளிர்காலத்துல இன்னும் வேகமா. எதிர்காத்து 100 இருந்தா தரைக்கணக்குல 800தான் போகும், அதுலயே ஒரு மணி நேரம் போச்சு. அதோட அந்த நூல் உக்ரைன் மேல போகுது பாருங்க, 2022 பிப்ரவரிலேர்ந்து அந்த வான்வழிய பயணிகள் விமானத்துக்கு மூடிட்டாங்க, அதனால சுத்திதான் போகணும்.

திரும்பி வர்றப்போ அதே காத்து பின்னாடிலேர்ந்து தள்ளும், பெரும்பாலும் ஒரு மணி நேரம் கிட்ட குறையும். அதனால போற டைம வச்சு வர்ற டைம முடிவு பண்ணாதீங்க.

அம்மாக்கு மாத்திரைய கைப்பைல வச்சு, சாப்பாடு மாத்திரை நேரத்த எல்லாம் இந்திய டைம்லயே ஒரு துண்டு சீட்டுல எழுதி கொடுத்தேன். லண்டன்ல இறங்குற வரைக்கும் வாட்ச மாத்தாதீங்கம்மான்னு சொல்லித்தான் அனுப்பினேன், அப்படியே செஞ்சாங்க.